பாரம் ஏறினால் திக்கும் பிக்கப்: கோளாறைப் பிரித்தறிவதும் ஃபியூவல் ஃபில்டரை மாற்றுவதும்

வெறும் வண்டியாகச் சமதளத்தில் ஓட்டும்போது குறை தெரியாது. மேட்டில் ஏறும்போதோ முன்னால் போகிற வண்டியை முந்த மிதிக்கும்போதோ மட்டும் பிக்கப் டிரக் ஒரு கணம் யோசிக்கும், பிறகு வெட்டி வெட்டி இழுக்கும். இதைச் சொன்னதும் எரிபொருளை வடிகட்டும் ஃபியூவல் ஃபில்டரை மாற்றச் சொல்வது வழக்கம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எரிபொருள் குறைந்தாலும் வண்டி திக்கும், காற்று குறைந்தாலும் திக்கும், சென்சார் தப்பாகக் காட்டினாலும் திக்கும். இந்த மூன்றையும் பிரித்தறிய அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் ஃபில்டரைக் கழற்றினால் பழைய கோளாறும் இருக்கும், லைனுக்குள் காற்றும் புகுந்திருக்கும். அப்புறம் எது எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பது இரட்டிப்பு வேலை.

எப்போது திக்குகிறது?

அடைபட்ட ஃபில்டர் பாரத்தில் மட்டும் காட்டிக்கொடுப்பதற்குக் காரணம் எளிய கணக்குதான். இரண்டரை, மூன்று லிட்டர் டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் குடிக்கும். அதே எஞ்சின் 100 கிலோவாட் சக்தியை முழுதாகக் கொடுக்கும்போது மணிக்குச் சுமார் 25 லிட்டர் வேண்டும். பாதி அடைத்த ஃபில்டரும் ஒரு லிட்டரைத் தாராளமாக விட்டுவிடும், இருபத்தைந்தை விடாது. அதனால்தான் வீட்டு வாசலில் நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்த்தால் எஞ்சின் நன்றாகச் சீறும், மேட்டில் மட்டும் மூச்சு வாங்கும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதை ஃபில்டர் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரத்தோடு, மூன்றாவது அல்லது நான்காவது கியரில், ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். மிதியை முழுக்க அழுத்தும்போது இழுவை செத்து, பாதிக்குத் தளர்த்தியதும் வண்டி சரியாக ஓடினால் எரிபொருள் வரத்துதான் குறைகிறது.

டீசல் வண்டியில் புகையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எரிபொருள் குறைந்தால் எஞ்சின் சத்தில்லாமல் ஓடும், ஆனால் கரும்புகை தள்ளாது. இழுவையும் இல்லை, பின்னால் கரும்புகையும் வருகிறது என்றால் காற்றுதான் பற்றவில்லை. அப்போது பார்க்க வேண்டியவை ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், திறந்தபடி சிக்கிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடுவது). கிழிந்த இன்டர்கூலர் ஹோஸ் பாரத்தில் உஸ்ஸென்று சத்தம் கொடுக்கும், கிழிந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். இப்படிப்பட்ட வண்டிக்கு எத்தனை டீசல் ஃபில்டர் போட்டாலும் பயனில்லை.

மிதித்த அந்த முதல் கணத்தில் மட்டும் தயங்கி, பிறகு ஒழுங்காக இழுத்தால் அது பெரும்பாலும் ஃபில்டர் கோளாறு அல்ல. பெட்ரோல் வண்டியானால் அழுக்கேறிய த்ராட்டில் பாடியும் ஏர் ஃப்ளோ சென்சாரும், எந்த வண்டியானாலும் தேய்ந்த ஆக்சிலேட்டர் பெடல் சென்சாரும் இந்த மாதிரித் தயக்கத்தைக் கொடுக்கும். பெட்ரோல் எஞ்சின் பாரத்தில் குலுங்கி உதறினால், அதோடு செக் எஞ்சின் விளக்கும் விட்டு விட்டு எரிந்தால், அது மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும்.

இன்னும் சில வகைகள் உண்டு. காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் திக்கிவிட்டுச் சரியாகிறது என்றால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அரை மணி நேரம் கழித்து இழுவை இழந்து நின்று, பத்து நிமிடம் ஓய்ந்ததும் எதுவும் நடக்காததுபோல ஓடினால், டேங்குக்குள் மிதக்கும் கசடு உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. இல்லையென்றால் டேங்குக்கு மூச்சுவிடும் வழி அடைத்திருக்கிறது. இரண்டாவதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். திக்கும்போதே வண்டியை ஓரம்கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால் மூடியின் வென்ட்டோ வென்ட் குழாயோதான் குற்றவாளி. வெயில் நேரத்தில் காற்று வெளியே சீறுவது சாதாரணம். உள்ளே இழுக்கிறதா என்பதே கேள்வி.

ஸ்பேனரை எடுக்கும் முன்

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை மாட்டிக் கோடுகளை (பிழைக் குறியீடுகளை) பாருங்கள். பி0087 என்றால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாயில், அழுத்தம் குறைவு. பி0171, பி0174 இரண்டும் பெட்ரோல் எஞ்சினில் கலவை மெலிந்துவிட்டதைச் சொல்பவை. பி0299 டர்போ அழுத்தம் குறைவு, அதாவது காற்றுப் பக்கத்துக் கோளாறு. பி0300 மிஸ்ஃபயர். கோடு வந்துவிட்டது என்பதற்காக அதே பாகத்தை மாற்றிவிடக் கூடாது. பி0087 ஃபில்டராலும் வரும், பம்ப்பாலும் வரும், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தேய்ந்தாலும் வரும், பிரஷர் சென்சாராலும் வரும்.

இந்தக் குறியீடுகளை விட லைவ் டேட்டா, அதாவது ஓடும்போதே ஸ்கேனரில் தெரியும் எண்கள், அதிகம் பேசும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயில் உள்ள காமன் ரெயில் டீசலில், கம்ப்யூட்டர் 'கேட்ட அழுத்தம்', ரெயிலில் 'கிடைத்த அழுத்தம்' என்று இரண்டு எண்கள் இருக்கும். ஐட்லிங்கில் பல எஞ்சின்களில் 250 முதல் 400 பார் வரை நிற்கும், முழு பாரத்தில் 1600 பாரைத் தாண்டும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஏற்றத்தில் ஓட்டுங்கள். கேட்டது ஏறிக்கொண்டே போக, கிடைத்தது பின்தங்கி, அதே கணத்தில் வண்டி திக்கினால் எரிபொருள் பக்கம் உறுதி. இரண்டும் ஒட்டியே ஏறியும் வண்டி திக்கினால் ஃபில்டரை விட்டுவிட்டு வேறெங்காவது தேடுங்கள். பெட்ரோல் வண்டியில் ஃபியூவல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தை, பாருங்கள். ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, பாரம் ஏற ஏற பிளஸ் பத்து சதவீதத்தைத் தாண்டிப் போனால் பெட்ரோல் வரத்துக் குறைவு. ஐட்லிங்கில் உயர்ந்து, ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குறைந்தால் இன்டேக் பக்கம் காற்று ஒழுகல்.

டீசலில் இன்னும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே டீசல் தாங்கும், உள்ளே பார்க்க முடிகிற ஹோஸ் ஒரு சாண் அளவு மாட்டி எஞ்சினை ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் சில குமிழ்கள் வரலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்து குமிழ் ஓடினால் டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவே காற்று உள்ளே வருகிறது. பல பிக்கப்களில் டேங்கில் மோட்டார் பம்ப் கிடையாது. முன்னால் இருக்கும் பம்ப்பே உறிஞ்சி இழுக்கிறது. அப்படிப்பட்ட லைனில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். 'லீக் எதுவும் தெரியவில்லை' என்பது இங்கே சான்றே ஆகாது.

கடைசியாக, ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கால் லிட்டர் பிடித்து வையுங்கள். தண்ணீர் டீசலை விடக் கனம், பத்து நிமிடத்தில் அடியில் தனியாகத் தேங்கும். நடுவே கோடு தெரிந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. சில வண்டிகளில் இதை வடித்ததுமே திக்கல் நின்றுவிடும். ஆனால் ஃபில்டர் காகிதம் நனைந்திருக்கும் என்பதால் மாற்றத்தான் வேண்டும்.

எந்த ஃபில்டர், என்னென்ன சாமான்

காமன் ரெயில் எஞ்சினுக்கான ஃபில்டர் 2 முதல் 10 மைக்ரான் அளவுள்ள துகள்களைப் பிடிக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் நுணுக்கம் புரியும். மரை பொருந்துகிறதே என்று மலிவான ஃபில்டரை மாட்டுபவர்கள் இழப்பது இந்த நுணுக்கத்தைத்தான். பம்ப்பும் இன்ஜெக்டரும் ஃபில்டரின் விலையைப் போல் பல மடங்கு. பாக நம்பரைச் சேசிஸ் நம்பர் கொண்டு சரிபார்த்து வாங்குங்கள். ஒரே மாடல் பிக்கப்பில் ஆண்டுக்கு ஆண்டு ஃபில்டர் மாறியிருக்கும். ஒன்றில் அடியில் வாட்டர் சென்சார் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

ஃபில்டரோடு ஓ-ரிங் வருகிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். வாட்டர் சென்சாருக்கான ஓ-ரிங் பல பெட்டிகளில் இருக்காது, தனியாக வாங்க வேண்டியிருக்கும். பேஞ்சோ போல்ட் (நடுவே துளையுள்ள, எரிபொருள் உள்ளே ஓடும் போல்ட்) உள்ள வண்டியானால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு செம்பு வாஷர் வேண்டும். பழைய வாஷர் நசுங்கி இறுகிப்போயிருக்கும், மறுபடி போட்டால் அந்த இடத்தில் காற்று உள்ளே புகும். இவற்றோடு ஃபில்டர் ரென்ச், டீசல் பிடிக்க அகலமான தட்டு, நூல் உதிராத துணி, கண்ணாடிக் குப்பி, ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பெட்ரோல் வண்டியானால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மின்விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், உடைந்தால் தீப்பொறி தரும் பழைய குண்டு பல்பு வேண்டாம்.

டீசல் ஃபில்டரை மாற்றுதல்

எஞ்சின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றிவிடுங்கள். ஃபில்டரையும் அதைச் சுற்றியுள்ள ஹோஸ் முனைகளையும் கழற்றும் முன்பே பிரஷ் போட்டுத் துடையுங்கள். இந்த வேலையில் அதிகம் தவறவிடப்படும் இடம் இதுதான். ஃபில்டர் இருக்கும் இடத்தில் படிந்த மண், கழற்றும்போது நேராக, வடிகட்டிய டீசல் போகும் சுத்தமான பக்கத்துக்குள் விழும். அங்கிருந்து பம்ப்புக்கு வழியில் இத்தனை நுணுக்கமான இன்னொரு ஃபில்டர் கிடையாது.

ஃபில்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரோ செல்ஃப் மோட்டாரோ இருந்தால் பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள். டீசல் பட்ட பெல்ட் வழுக்கும், எஞ்சின் மவுண்ட் ரப்பர் ஊறிப் பருத்துவிடும்.

வாட்டர் சென்சாரின் வயரைக் கழற்றுங்கள். அடியிலுள்ள வடிகாலைத் திறந்து முடிந்தவரை வடித்துவிடுங்கள். மேலே காற்றுத் திருகு (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் அதைத் தளர்த்தினால் வேகமாக வடியும். பிறகு ரென்ச்சை ஃபில்டரின் அடிப்பக்கமாகப் பிடித்துத் திருப்புங்கள். நடுவில் பிடித்து அழுத்தினால் தகரம் நசுங்கி இன்னும் இறுகிக்கொள்ளும். கழன்றதும் நேராகப் பிடித்தபடியே இறக்குங்கள், உள்ளே இன்னும் கொஞ்சம் டீசல் இருக்கும். அதைக் கொட்டிவிடாமல் குப்பியில் எடுத்து வையுங்கள். அது ஏன் என்று பிறகு பார்ப்போம்.

அடுத்து ஃபில்டர் தலையைப் பாருங்கள். பழைய ரப்பர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் நெம்பி எடுங்கள். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, அன்றோ மறுநாளோ பிதுங்கும். தலையின் உட்காரும் தளத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

வாட்டர் சென்சாரைப் பழைய ஃபில்டரிலிருந்து கழற்றிப் புதியதில் போட வேண்டிய வண்டிகள் நிறைய. அதன் மரை பெரும்பாலும் பிளாஸ்டிக். பழையதில் இறுகியிருந்தால் ஃபில்டரை வைஸில் பிடித்துச் சென்சாரை மெதுவாகத் திருப்புங்கள். புதியதில் போடும்போது புதிய ஓ-ரிங்கோடு கையால் இறுக்கினால் போதும். சென்சார் முனையில் பாசி போலக் கறுப்பு படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது பலர் வாதாடும் கேள்வி. புதிய ஃபில்டரில் டீசல் நிரப்பி மாட்டலாமா? கை பிரைமரோ (கையால் அழுத்தி ஃபில்டரில் டீசல் நிரப்பும் பம்ப்) எலக்ட்ரிக் பம்ப்போ உள்ள வண்டியில் நிரப்ப வேண்டாம், காலியாகவே மாட்டுங்கள். கேனிலிருந்து ஊற்றும் டீசல் வடிகட்டப்படாதது. ஃபில்டரின் மேல்பக்கத்தில் நடுவே உள்ள பெரிய துளை சுத்தமான பக்கம், சுற்றிலும் உள்ள சிறு துளைகள் அழுக்குப் பக்கம். நடுத்துளையில் ஊற்றினால் அந்த டீசலிலுள்ள தூசி முழுவதும் நேரே பம்ப்புக்குப் போகும். லைனிலுள்ள காற்றை வெளியே எடுக்க வேறு வழியே இல்லாத பழைய வண்டி என்றால் நடுத்துளையைச் சுத்தமான மூடியால் அடைத்துக்கொண்டு, சிறு துளைகள் வழியாக மட்டும் மெதுவாக ஊற்றுங்கள்.

ரப்பரில் சுத்தமான டீசலையோ எஞ்சின் ஆயிலையோ விரலால் தடவிக் கையாலேயே திருகி ஏற்றுங்கள். ரப்பர் தளத்தைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று. ஃபில்டரின் மேலேயே வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி. ரென்ச்சால் இறுக்கக் கூடாது. மூடியைத் திறந்து உள்ளே காகிதத்தை மட்டும் மாற்றும் வகையானால் மூடியில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு பொறித்திருக்கும். 25 நியூட்டன் மீட்டர் என்பது பரவலாகக் காணும் அளவு. பிளாஸ்டிக் மூடியை அதற்கு மேல் இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது உடையும். கிளிப் போடும் சிறு ஃபில்டரானால் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். ஹோஸ் முனை வெடித்திருந்தால் அந்த அங்குலத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

காற்று எடுத்தல்

ஃபில்டர் தலையிலேயே அழுத்தும் பம்ப் இருந்தால் காற்றுத் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, அதில் ஒரு சிறு குழாய் மாட்டிக் குப்பிக்குள் விடுங்கள். மெதுவாக, முழு நீளத்துக்கு அழுத்துங்கள். முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழில்லாத டீசல். காலியாக மாட்டிய ஃபில்டருக்கு ஐம்பது முறைக்கு மேலும் அழுத்த வேண்டியிருக்கும், பதறத் தேவையில்லை. குமிழ் நின்றதும் பம்ப்பை அழுத்திப் பிடித்தபடியே திருகை மூடுங்கள். கையை எடுத்த பின் மூடினால் ஒரு மடக்கு காற்று திரும்ப உள்ளே போய்விடும். மூடிய பிறகும் பம்ப் கல்லாக இறுகும்வரை அழுத்துங்கள். இறுகவே இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம், முதலில் அதைத் தேடுங்கள்.

டேங்கில் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டிக்குக் கை வேலை இல்லை. பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் நிலையில் 30 விநாடி வைத்து, அணைத்து, மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் ஃபில்டர் நிரம்பிவிடும்.

பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறி எரியும். எடுக்கவில்லையென்றால் மறுபடி பிரைமரையே அழுத்துங்கள். செல்ஃபை வைத்தே காற்று எடுத்துவிடலாம் என்று நினைப்பது பம்ப்புக்கு நல்லதல்ல. உயர் அழுத்தப் பம்ப்புக்கு எண்ணெயும் டீசல்தான். காற்றை உறிஞ்சி ஓடும் ஒவ்வொரு விநாடியும் அது வறண்டு உரசுகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது அதைவிட ஆபத்து. குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் அது நினைத்த நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்த பழக்கம் பலருக்கு உண்டு. காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பார் அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத நூலாக வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். பார்ப்பதற்கு ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் ஐந்து நிமிடம் ஓடட்டும், ரேஸ் கொடுக்க வேண்டாம். ஃபில்டர் அடியையும் தலையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஃபில்டரில் தேதியும் கிலோமீட்டரும் மார்க்கரால் எழுதுங்கள். சில வண்டிகளில் மீட்டரில் ஃபில்டர் நினைவூட்டலைத் தனியாக அழிக்க வேண்டும், அழிக்காவிட்டால் புதிய ஃபில்டருக்கும் விளக்கு எரியும்.

பெட்ரோல் பிக்கப்பானால்

முதலில் மாற்றக்கூடிய ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்தே இருக்கிறது. தனியாக மாற்ற முடியாது. வெளியே இருந்தால் பெரும்பாலும் சேசிஸ் ஓரமாக, டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே உருளையாக மாட்டியிருக்கும்.

லைனில் அழுத்தம் நிற்கிறது. பல எஞ்சின்களில் 3 முதல் 4 பார், அதாவது 45 முதல் 60 பிஎஸ்ஐ. இதை இறக்காமல் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பம்ப்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். தானாக நின்றதும் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்து மிச்சத்தையும் காலிசெய்யுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வேலை வெளியில், சைலன்சர் ஆறிய பிறகு. பக்கத்தில் கீசரோ அடுப்போ எரியக் கூடாது. பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து தூரத்துத் தீயையும் தேடிப் போகும்.

முனையில் கிளிப் கனெக்டர் இருந்தால் முதலில் அதன் இடுக்கிலுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதுங்கள். மண் சிக்கினால் காது அமுங்காது, பலத்தால் இழுத்தால் காது உடையும். குழாயை ஃபில்டர் பக்கமாக ஒருமுறை உள்ளே தள்ளி, காதுகளை அமுக்கியபடி வெளியே இழுங்கள். மரை நட்டு உள்ள வகையானால் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் ஃபில்டர் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் பைப் நட்டைத் திருப்புங்கள். பைப் நட்டுக்கான, ஐந்து பக்கமும் பிடிக்கும் ஃப்ளேர் ஸ்பேனரே நல்லது. திறந்த ஸ்பேனர் துருப்பிடித்த நட்டின் முனைகளை உருட்டிவிடும். ஃபில்டரில் எர்த் வயர் இருந்தால் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். ஓடும் பெட்ரோலால் உண்டாகும் நிலைமின்சாரத்தை இறக்குவது அதுதான்.

புதியதை அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்க மாட்டி, கனெக்டர் 'க்ளிக்' என்று உட்காரும்வரை தள்ளுங்கள். பிறகு பின்னால் இழுத்துப் பாருங்கள். க்ளிக் கேட்டும் கையோடு வந்துவிடும் கனெக்டர்கள் உண்டு. ஃப்யூஸையும் பேட்டரியையும் போட்டு, சாவியை ஆன் செய்து மூன்று விநாடி, அணைத்து, நான்கு தடவை. ஸ்டார்ட் செய்யும் முன்பே குனிந்து பாருங்கள், ஒழுகினால் இப்போதே தெரியும்.

பழைய ஃபில்டர் சொல்வது

குப்பியில் எடுத்து வைத்த டீசலையும், அறுத்துத் திறந்த காகிதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் கறுப்பாக, மடிப்பெல்லாம் ஒரே சீராக இருந்தால் அது வயதான ஃபில்டர், அவ்வளவுதான். சிவந்த பொடி துரு, டேங்கிலிருந்தோ எரிபொருள் வாங்கிய கேனிலிருந்தோ வந்தது. பழுப்பும் கறுப்புமாக வழவழவென்று சளி போல இருந்தால் டேங்கில் பாசி பிடித்திருக்கிறது. டீசலுக்கும் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் நடுவே வளரும் நுண்ணுயிர்கள் அவை. டேங்கை இறக்கிக் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி போடாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அடைக்கும். கடுங்குளிர் இடங்களில் வெள்ளை மெழுகு அடைத்திருப்பதும் உண்டு. அது சூடானதும் கரைந்துவிடும், டீசலின் வகைதான் தவறு.

மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் வழியாக வந்த பம்ப்பின் தூள். அந்த வண்டியைப் புதிய ஃபில்டரோடு ஸ்டார்ட் செய்தால் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் செலவு வரும். இழுத்துக்கொண்டு போய்ப் பம்ப் திறந்து பார்ப்பது மலிவு.

டீசல் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்பதற்கு வண்டிக் கையேடு பெரும்பாலும் 20,000 முதல் 40,000 வரை ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லும். கேனில் வாங்கி ஊற்றும் வண்டிக்கும், எப்போதும் டேங்க் அடிமட்டத்தில் ஓடும் வண்டிக்கும் அதில் பாதியே சரி.

மாற்றிய பிறகும் திக்கினால்

முன்பு ஓட்டிய அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு, ஸ்கேனரை மாட்டி மறுபடி ஓட்டுங்கள். மாற்றும் முன் இல்லாத தயக்கம் இப்போது வந்திருந்தால் அது காற்று. பேஞ்சோ வாஷர், வாட்டர் சென்சார் ஓ-ரிங், ஹோஸ் கிளிப், இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

பழைய திக்கல் அப்படியே இருந்தால் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள சல்லடைகள் மிச்சம். டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் முனையில் ஒன்று இருக்கும். சில பம்ப்களில் வாய்ப்பக்கத்து பேஞ்சோ போல்ட்டுக்குள்ளேயே விரல் நகம் அளவு வலை ஒன்று ஒளிந்திருக்கும். டேங்க் சந்தேகத்தைத் தீர்க்க, ஐந்து லிட்டர் சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து ஃபில்டர் வாய்க்கு நேரே ஹோஸ் விட்டு, ரிட்டர்னையும் அதே கேனில் விட்டு, கேன் சாயாமல் கட்டி ஓட்டிப் பாருங்கள். டீசலுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை, பெட்ரோலுக்கு ஒருபோதும் வேண்டாம். கேனில் நன்றாக ஓடினால் கோளாறு டேங்கிலோ நீண்ட லைனிலோ இருக்கிறது.

கேனிலும் திக்கினால் பம்ப்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வையும் இன்ஜெக்டர்களையும் சந்தேகியுங்கள். வால்வு சிக்கினால் ஐட்லிங்கிலேயே ஆர்.பி.எம். ஏறி இறங்கி அலையும், லைவ் டேட்டாவில் அழுத்தமும் கூடவே அலையும். இன்ஜெக்டர் தேய்ந்ததா என்று பார்க்க, ஒவ்வொன்றின் ரிட்டர்ன் முனையிலும் ஒரே அளவுள்ள குப்பியை மாட்டி எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு மட்டத்தை ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிட ஒன்று இரண்டு மடங்கு நிரம்பினால் ரெயிலின் அழுத்தத்தைக் குடிப்பது அதுதான்.